மூலகாரணரும் ஒரு ஹிந்தி எழுத்தின் அடிப்புள்ளியும்

வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மனிதர் வாளி எடுத்து வைப்பார். கொஞ்சம் விவரமானவர் பிளம்பருக்குப் போன் செய்வார். விவரமே போதாதவர் குழாயை இறுக்கித் திருகி, கைப்பிடியோடு பெயர்த்து எடுத்துவிட்டு, அது ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது என்பார். இந்த மூன்று பேரையும் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது நாலாவது ஆசாமியை. இவர் வாளி எடுக்க மாட்டார், போனை எடுக்க மாட்டார், குழாயைத் தொடவே மாட்டார். தண்ணீர் கணுக்காலைத் தொடும் நேரத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்து, ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இது எப்பத்திலேருந்து?"

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் மூலகாரணர். எந்தக் கோளாறாக இருந்தாலும் அதன் வேர் எங்கே என்று தெரியாமல் அதன் இலையைக்கூடத் தொட மாட்டார் என்பதால் அந்தப் பெயர். எல்லா ஊரிலும் இருப்பார். எல்லா அலுவலகத்திலும் ஒருவராவது இருப்பார். இரண்டு பேர் இருக்கும் அலுவலகத்தில் மின்விசிறிகள் சுற்றுவதில்லை.

இவரைப் பக்கத்து இனங்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. "நான் அப்பவே சொன்னேனே" என்று வருபவர் வேறு. அவருக்குக் கோளாறு நடந்ததில் சந்தோஷம். யார் தலையில் கட்டலாம் என்று பார்ப்பவர் வேறு. அவருக்கு ஒரு தலை கிடைத்தால் போதும். மூலகாரணருக்கு யார் மேலும் கோபம் கிடையாது. யாரையும் தண்டிக்க மாட்டார். அதனால்தான் அவரைத் திட்டவும் முடிவதில்லை. சாமானைப் போட்டு உடைத்தவரைத் தட்டிக்கொடுத்து, "பயப்படாதீங்க, எந்தக் கையில பிடிச்சிருந்தீங்க?" என்று அன்போடு கேட்கிற மனிதரை என்னவென்று திட்டுவது?

என் சகலை இந்த இனத்தில் முதல் தரம். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். கட்டிய அன்றே தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை வந்த வண்டியின் டயர் பாதி வழியில் பஞ்சர். ஓட்டுநர் மாற்று டயரை எடுத்து உருட்டிக்கொண்டு வருகிறார். சகலை அவர் கையைப் பிடித்து நிறுத்தி, முதலில் ஆணியைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார். ஆணி கிடைத்தது. பிறகு அந்த ஆணி எந்த வகை மரச்சாமானில் அடிக்கிற ஆணி என்ற கேள்வி வந்தது. பிறகு அந்தத் தெருவில் மரச்சாமான் யார் செய்கிறார்கள் என்ற கேள்வி. மண்டபத்தில் நாங்கள் எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு ஒரு தச்சுப்பட்டறையில் நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் நடப்பது இன்னும் வேடிக்கை. அவர் மகள் ஏழு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் சிராய்த்து அழுதுகொண்டு வந்தாள். அம்மா மருந்துப் பெட்டியைத் தேடினாள். அப்பா மகளைத் தெருவுக்கு அழைத்துப் போய், "எங்க விழுந்த? அதே மாதிரி இன்னொரு தடவை மெதுவா விழுந்து காட்டு" என்றார். வயிற்றுவலி என்று ஒருமுறை டாக்டரிடம் போனார்; இரண்டு வாரம் சாப்பிட்டதையெல்லாம் கட்டம் போட்டு எழுதிக்கொண்டு போனார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். சகலை அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பத்து நாள் வலியோடு சுற்றினார். ஏன் என்று கேட்டேன்.

"மாத்திரை போட்டா வலி போயிடும், சகலை. அப்புறம் எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?"

என் கொழுந்தியாள் கெட்டிக்காரி. அந்த வீட்டில் இப்போதெல்லாம் எதுவும் பழுதாவதே இல்லை. அதாவது, பழுதானது அவர் காதுக்குப் போவதில்லை. அவள் போனில் பிளம்பரின் எண்ணைச் 'சித்தி' என்று பதிந்து வைத்திருக்கிறாள். எலக்ட்ரீஷியன் 'பெரியம்மா'. கணவர் அலுவலகம் கிளம்பிப் பத்து நிமிடத்தில் சித்தி வருவார், கருவிப் பையோடு. மாலையில், "இன்னைக்கு யார் வந்தாங்க?" என்றால், "சித்தி வந்துட்டு உடனே கிளம்பிட்டாங்க" என்பாள். "எதுக்கு உடனே கிளம்பினாங்க?" என்று அதற்கும் ஒரு மணி நேர விசாரணை நடக்கும். ஆனால் குழாய் ஒழுகாது.

இதெல்லாம் வீட்டுக்குள் நடக்கிற கூத்து, யாருக்கும் சேதமில்லை. இப்படிப்பட்ட ஒருவரிடம், அவர் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும் என்கிற ஒரு காரியம் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? ஒரு காலை அதைக் கண்ணால் பார்த்தேன்.

சகலைக்கு உத்தியோகம் ஒரு தேர்வு நிலையத்தில். கிரேன், ஃபோர்க்லிஃப்ட் மாதிரியான பெரிய யந்திரங்களை ஓட்டுவதற்கு உரிமம் கொடுக்கிற தேர்வு அங்கே நடக்கும். அவர் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பு. அன்று மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போய்விட்டார். "அத்தான், அந்தப் பக்கம்தானே போறீங்க, இதைக் கொடுத்துடுங்க. எங்க இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்று கொழுந்தியாள் என்னிடம் கொடுத்தனுப்பினாள். நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது இருபது. தேர்வு பத்துக்கு. பத்து அடித்தால் தேர்வறைக் கதவைச் சாத்திவிடுவார்கள். பிறகு யாருக்கும் திறக்க மாட்டார்கள்.

வாசல் மேசையில் ஒரு பெண்மணி உட்கார்ந்து, ஒவ்வொருவருடைய அனுமதிச் சீட்டையும் வாங்கிப் பதிவு எண்ணைத் தட்டுவார். திரையில் இரண்டு பெயர் வரும்: விண்ணப்பத்தில் இருக்கிற பெயர் மேலே, தேர்வறைப் பட்டியலில் இருக்கிற பெயர் கீழே. இரண்டும் ஒன்றாக இருந்தால் பச்சை விளக்கு. இருக்கைச் சீட்டு சரசரவென்று அச்சாகி வரும். அவரவர் பெயரை அவரவர் மொழி எழுத்திலேயே பதியலாம் என்று அந்த ஆண்டுதான் புதிதாக ஏற்பாடு செய்திருந்தார்கள். நல்ல ஏற்பாடு. அப்படிப் பதிந்த முப்பத்தொன்பது பேர் அன்று பச்சை விளக்கு வாங்கி, உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

நாற்பதாவதாக ஒரு பெண். துறைமுகத்தில் வேலை. அங்கே அவரைக் 'கைகாட்டி' என்று கூப்பிடுவார்களாம். கிரேனுக்குக் கீழே நின்று, மேலே இருக்கிற ஓட்டுநருக்கு ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கையால் காட்டுகிற வேலை. நாலு வருடமாகக் காட்டியாயிற்று. மேலே இருக்கிற ஓட்டுநர் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். உரிமம் இருந்தால் அந்த இருக்கை கைகாட்டிக்கு; இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள். அடுத்த கிரேன் தேர்வு ஆறு மாதம் கழித்து; நடுவே நடப்பதெல்லாம் வேறு யந்திரங்களுக்கு.

கைகாட்டியின் பெயர் ஹிந்தியில் பதிவாகியிருந்தது. மேசைக்காரம்மா எண்ணைத் தட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் மேலே ஒரு பெயர். கீழே அதே பெயர். அதற்கும் கீழே: பொருந்தவில்லை.

"மறுபடி அடிங்க" என்றார் கைகாட்டி.

"மூணு தடவை அடிச்சாச்சும்மா. நீங்க வேற யாரோன்னு சொல்லுது."

"ரெண்டு பேரும் நான்தாங்க. நல்லாப் பாருங்க."

"எனக்கு ஹிந்தி வராது. ஆனா படத்தைப் பாக்குற மாதிரி பாத்துட்டேன். கோடு, வளைவு, கீழ புள்ளி எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு. அதுக்குத்தான் ஒத்துக்க மனசில்லை."

இப்படி ஆகும் என்று தெரிந்தே நிலையத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். கைச்சீட்டுப் படிவம் என்று ஒரு சின்னக் காகிதம். பெயர், பதிவு எண், காரணம் என்று மூன்று கட்டம். கீழே கணினிப் பிரிவின் கையெழுத்து. அது இருந்தால் தேர்வறை மேற்பார்வையாளர் எதுவும் கேட்காமல் உள்ளே விட்டுவிடுவார். மேசைக்காரம்மா பெயரும் எண்ணும் எழுதிவிட்டு, காரணக் கட்டத்தைக் காலியாக விட்டு, உள்ளே குரல் கொடுத்தார். சகலை வந்தார்.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். "எங்க இருந்துச்சு?" என்றார்.

தெரியாமல் வாய் தவறிவிட்டது. "ஃபிரிட்ஜ் மேல."

"ஃபிரிட்ஜ் மேலயா? அங்க ஏன் வச்சேன்?" என்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார். மேசைக்காரம்மா படிவத்தை நீட்டி, "சார், இதுல ஒரு கையெழுத்து. 'கணினிக் கோளாறு'ன்னு போட்டுடவா?" என்று கேட்டார். மணி ஒன்பது முப்பத்திரண்டு.

வேறு யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள். நானாக இருந்தால் படிவத்தைப் படித்தே இருக்க மாட்டேன். சகலை திரையைப் பார்த்தார். மேலே ஒரு பெயர், கீழே அதே பெயர், பொருந்தவில்லை. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. குழந்தையை முதல்முதலாகக் கையில் வாங்கியபோது வந்த அதே வெளிச்சம். சொல்லப்போனால் அன்றைக்கு இவ்வளவு இல்லை.

"கோளாறுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் மெதுவாக. "மெஷின் சொல்றதுதான் சரியா இருந்தா?"

"சரின்னா நான் யாருங்க?" என்றார் கைகாட்டி.

"அதுதான் பாக்கணும். யாரும் எதையும் தொடாதீங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவும், நாலாக மடித்த தாளும் வந்தன. மூலகாரணர்களின் பையில் அந்தத் தாள் எப்போதும் இருக்கும். ஒரு வட்டத்தில் தொடங்கி அம்புக்குறி அம்புக்குறியாகக் கிளைவிட்டுப் போகிற படம் வரைவதற்காக. பெயரை மறுபடி தட்டச் சொன்னார். சிவப்பு. கைகாட்டியைத் தன் பெயரை வாயால் சொல்லச் சொன்னார்; அவரும் சொன்னார். சத்தமாக ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னார், கொஞ்சம் அளவுக்கு மீறியே சத்தமாக. உள்ளே தேர்வறையில் இருந்த முப்பத்தொன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தாளில் முதல் வட்டம் விழுந்தது.

ஒன்பது நாற்பத்தாறுக்குக் கண்டுபிடித்துவிட்டார். அதை மறுக்க முடியாது; மூலகாரணர்கள் முட்டாள்கள் இல்லை.

விஷயம் இதுதான். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். உலகத்து எழுத்துக்கெல்லாம் பொதுவாக ஆளுக்கொரு எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். கைகாட்டியின் பெயர் நடுவே ஹிந்தி 'ஜ' வருகிறது; அதன் அடியில் ஒரு புள்ளி. புள்ளி இருந்தால் அந்த ஒலி பல்லுக்கு நடுவே கொஞ்சம் சீறிக்கொண்டு வரும். இந்த அடிப்புள்ளி எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக வைக்கலாம். புள்ளியையும் சேர்த்து முழு எழுத்துக்கும் ஒரே எண், 2395. அல்லது எழுத்துக்குத் தனியாக 2332, புள்ளிக்குத் தனியாக 2364, ஆக இரண்டு எண். திரையில் பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. விண்ணப்பத்தில் இரண்டு எண்ணாகப் பதிவாகியிருந்தது, பட்டியலில் ஒரே எண்ணாக. கணினி கண்ணால் பார்ப்பதில்லை, எண்ணிப் பார்த்தது, ஒன்று குறைந்தது, ஆள் வேறு என்றுவிட்டது.

இதை விளக்குவதற்கு மேசைக்காரம்மாவின் டீயைக் கேட்காமல் எடுத்தார். "இந்தக் கப்பும் சாசரும் ஒட்டியே செஞ்சதுன்னா ஒரு சாமான். தனித்தனியா வாங்கி ஒண்ணு மேல ஒண்ணு வச்சா ரெண்டு சாமான். பாத்தா வித்தியாசம் தெரியுமா?"

"தெரியாது" என்றார் கைகாட்டி. "ஆனா டீ ஒண்ணுதானே சார்? இப்பப் போகலாமா?"

"உலகத்துல இதை யாருமே யோசிக்கலையா சார்?" என்று மேசைக்காரம்மா கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"யோசிக்காம இருப்பாங்களா? ரெண்டையும் ஒண்ணாவே பாவிக்கணும்னு விதியே இருக்கு. ஒப்பிடுறதுக்கு முன்னாடி ரெண்டு பெயரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துடணும். ஒரு வரி வேலை."

"அப்ப அந்த ஒரு வரியைப் போட்டுடுங்களேன்."

சகலை மேசைக்காரம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, திருட்டு நடந்த வீட்டில் கைரேகை எடுக்க வந்தவரிடம் யாரோ துடைப்பத்தை நீட்டியதுபோல இருந்தது. "போட்டா ரெண்டும் ஒண்ணாயிடும். தடயமே இருக்காது. இப்ப நமக்குத் தெரிஞ்சது என்ன நடந்ததுன்னு மட்டும்தான். ஏன் நடந்ததுன்னு தெரிய வேண்டாமா? பட்டியலை அடிச்சது யாரு? எந்த கீபோர்டு? அதுல ஏன் ஒரே எண்ணா விழுது? அந்த கீபோர்டை யாரு போட்டுக்கொடுத்தா?"

ஒவ்வொரு கேள்விக்கும் தாளில் ஓர் அம்பு கிளம்பியது. மணி ஒன்பது ஐம்பது. கைகாட்டி மேசையைச் சுற்றி வந்து அவருக்கு எதிரே நின்றார். கோபமாக இல்லை. தொங்குகிற பளுவைப் பார்த்துப் பேசிப் பழகியவர்கள் பேசுகிற மாதிரி, நிதானமாகப் பேசினார்.

"சார், நாலு வருஷமா கீழ நின்னு கை காட்டுறேன். இனிமே மேல உக்காரணும். உள்ள விட்டீங்கன்னா எழுதிடுவேன். நீங்க கேக்குற கேள்வியெல்லாம் நியாயம்தான். ஆனா எங்க வேலையில ஒரு வழக்கம். பெட்டி மேல தொங்கிட்டு ஆட ஆரம்பிச்சுதுன்னா, ஏன் ஆடுதுன்னு யாரும் கேக்க மாட்டோம். முதல்ல கீழ இறக்குவோம். இறக்கி வச்சுட்டு அப்புறம் உக்காந்து கேப்போம்."

சகலை பேனாவைக் கீழே வைத்தார். அவர் மனசில் பட்டுவிட்டது என்று நினைத்தேன். மேசைக்காரம்மாவும் அப்படித்தான் நினைத்தார். படிவத்தை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஏன் ஆடுது?" என்றார் சகலை.

"எது?"

"பெட்டி. காத்தாலயா, இல்ல தூக்கும்போது கயிறு நேரா இல்லாததாலயா?"

கைகாட்டி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். உறவுக்காரன் என்பதை அந்த நேரத்தில் காட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

தேர்வறை வாசலில் மேற்பார்வையாளர் வந்து நின்று ஒரு கையைக் கதவில் வைத்தார். "அஞ்சு நிமிஷம்" என்றார், பொதுவாகக் காற்றைப் பார்த்து.

"சார், கையெழுத்து" என்றார் மேசைக்காரம்மா.

"போடுறேன்மா. நான் எப்ப மாட்டேன்னேன்? காரணம்னு ஒரு கட்டம் இருக்கே. அதுல என்ன எழுதட்டும்?"

"கணினிக் கோளாறு."

"கணினி சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. பொய்."

"ஆள் தவறு."

"எந்த ஆள்? தெரியாதே. அவதூறு."

"எழுத்துக் கோளாறு."

"எழுத்து என்னம்மா பண்ணுச்சு?"

அந்தக் கட்டம் இரண்டு விரல் அகலம். சகலை ஒருவழியாக அதில் எழுதத் தொடங்கினார். 'விண்ணப்பப் படிவத்தில் அடிப்புள்ளியானது' என்பது வரைக்கும் வந்ததும் கட்டம் முடிந்துவிட்டது. பின்பக்கம் பார்க்க என்று ஓர் அம்பு போட்டார். நிமிர்ந்து, "இணைப்பு ஒண்ணு வைக்கலாமா?" என்றார். மூன்று நிமிடம் இருந்தது. கைகாட்டியின் வலது கை, அவரை அறியாமலே, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நாலு வருடப் பழக்கம். இறக்கு, இறக்கு, இன்னும் கொஞ்சம் இறக்கு.

சட்டென்று அந்தக் கை நின்றது.

"சார், காரணம் தெரிஞ்சுபோச்சா, தெரியலையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"முழுசாத் தெரியலை. அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்."

"தேடுறீங்கதானே?"

"தேடாம விடுவேனா?"

"அப்ப அதையே எழுதுங்க. காரணம்: விசாரணையில் உள்ளது. இதுல பொய் இருக்கா?"

சகலை யோசித்தார். படிவத்தை ஒருமுறை, கைகாட்டியை ஒருமுறை, தன் தாளில் இருந்த அம்புகளை ஒருமுறை பார்த்தார். அந்த இரண்டு சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்குள் மெதுவாக இறங்குவது வெளியிலிருந்தே தெரிந்தது. பொய் இல்லை. அதோடு, கையெழுத்தும் முத்திரையும் விழுந்துவிட்டால் அது அலுவலகமே ஏற்றுக்கொண்ட விசாரணை. முடிகிற தேதி எங்கும் எழுதப்படவில்லை. இவ்வளவு வருட உத்தியோகத்தில் அவருக்கு யாரும் இப்படி ஒன்றைக் கொடுத்ததில்லை, கேட்டும் கிடைத்ததில்லை.

புதுப் படிவம் வந்தது. எழுதினார். கையெழுத்துப் போட்டார், அழகாக, அடியில் கோடெல்லாம் இழுத்து. மேசைக்காரம்மா முத்திரையை ஓங்கிக் குத்தினார். கைகாட்டி சீட்டைப் பிடுங்கிக்கொண்டு இரண்டடி வைத்திருப்பார்.

"ஒரு நிமிஷம்" என்றார் சகலை.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீங்க உள்ள போயிட்டா நான் யாரை வச்சுச் சோதிக்கிறது? இப்போதைக்கு நம்மகிட்ட இருக்கிற ஒரே கேஸ் நீங்கதான். ஒரு அரை மணி நேரம் இருந்தீங்கன்னா..."

மேசைக்காரம்மா எழுந்து நின்று இரண்டு பேருக்கும் நடுவே வந்தார். "சார், உங்களுக்கு வேணுங்கிறது அவங்க பேருதானே? அது ஸ்கிரீன்லயே இருக்கு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு. பேரு இங்க இருக்கட்டும். ஆள் உள்ள போகட்டும்."

அந்த வாக்கியம் முடிவதற்குள் கைகாட்டி தேர்வறைக்குள் இருந்தார். கதவைச் சாத்தினார்கள். மணி அடித்தது. சகலை கவனிக்கவில்லை. இரண்டு பெயரும் எரிகிற திரைக்கு முன்னால் நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. விசாரணை நன்றாக நடக்கிறது. முதலில் ஒரு தாளாக இருந்தது, பிறகு ஃபைலாக ஆயிற்று, இப்போது ஒரு அலமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் அதுதான். விசைப்பலகை செய்தவர்களுக்குக் கடிதம் போயிருக்கிறது. அவர்கள் பதில் எழுதினார்கள். அந்தப் பதில் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்று ஒரு துணை விசாரணை தொடங்கியிருக்கிறது. அந்த ஒரு வரியை இன்னும் போடவில்லை, தடயம் கெட்டுவிடும் என்பதால். ஆக, அடிப்புள்ளி உள்ள பெயரோடு யார் வந்தாலும் தேர்வு நிலையத்தில் இன்றும் சிவப்பு விளக்குதான். அதற்கும் வழி செய்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கையால் எழுதிக் கை வலிக்கிறது என்று மேசைக்காரம்மா 'விசாரணையில் உள்ளது' என்று ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்துக்கொண்டார். பெயரைத் தட்டுகிறார், சிவப்பு எரிகிறது, முத்திரை விழுகிறது, ஆள் உள்ளே போகிறார். பச்சை விளக்கைவிட இதுதான் சீக்கிரம் என்று அவரே சொல்கிறார். ஏன் சீக்கிரம் என்று சகலையிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிப்பட்டவர்களை எப்படிச் சமாளிப்பது என்று நீங்கள் கேட்கலாம். சமாளிக்க வேண்டாம். மடியில் ஒரு விசாரணையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நீங்கள் உங்கள் வழியில் நடந்துவிடலாம். குழந்தைக்குக் கிலுகிலுப்பை கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகிற மாதிரிதான். நமக்கென்ன, நாம் அந்த ரகம் இல்லையே.

இல்லைதானே?

சிரித்தபடி இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். கைகாட்டி உள்ளே போனார், கதவைச் சாத்தினார்கள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு ஏழு மாதத்துக் கதையைச் சொல்லி, அலமாரியையும் கடிதத்தையும் ரப்பர் முத்திரையையும் காட்டினேன். அவர் தேர்வில் என்ன ஆனார் என்று சொல்லவில்லை. நாலு வருடம் வெயிலில் நின்று கை காட்டிய ஒருவர், ஓர் இருக்கைக்காக அவ்வளவு பாடுபட்டு ஓடினாரே, தேறினாரா இல்லையா என்று இடையில் ஒரு தடவையாவது மனசு கேட்டதா? கேட்டிருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள். அதை விட்டுவிட்டு, 'அதெல்லாம் சரி, அந்தப் பட்டியலை ஒரே எண்ணாகத் தட்டியது யார்?' என்று ஓர் ஓரத்தில் அரித்துக்கொண்டே இருந்ததென்றால், தயவுசெய்து உங்கள் சட்டைப்பையைத் தொட்டுப் பாருங்கள். நாலாக மடித்த தாள் ஒன்று இருக்கும்.

கைகாட்டி தேறிவிட்டார். இப்போது மேலே உட்கார்ந்திருக்கிறார். கீழே வேறொருவர் கை காட்டுகிறார்.

பட்டியலைத் தட்டியது யார் என்பதும் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால், அவருக்கு ஏன் அந்த விசைப்பலகையைக் கொடுத்தார்கள் என்று கேட்பீர்கள்.